மாடி வீட்டில் மாட்டிய புத்தகம்

பெண் காவலராக நான் எதிர்கொண்ட ஆபத்துகளைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். என்னை நோக்கிக் கத்தியோ கம்போ ஓங்கப்பட்ட நாள் என் பணிக்காலத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்த ஆபத்து, நான் இன்னொருவருக்கு உண்டாக்கியது. அதற்கு எனக்கு ஆயுதம் தேவைப்படவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதுமானதாக இருந்தது. புதிதாகச் சீருடை அணிந்திருக்கும் உங்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு என்மீது உங்களுக்கு மதிப்பு குறையுமானால், அது நியாயமே.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீடு பாளையங்கோட்டையில். கிறித்தவக் குடும்பம்; அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள். சத்தமாகச் சிரிப்பதைக்கூட அம்மா விரும்பமாட்டார். நான் முதுகலைத் தமிழ் முதலாண்டில் இருந்தபோது அப்பா படுத்த படுக்கையானார். அந்த ஆண்டு பெண் காவலர்களை எடுத்தார்கள்; படிப்பை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். ஆடித்தபசுக் கூட்டத்துக்குப் பாதுகாப்புப் பணி என்று பத்து நாளைக்குச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள். திருவிழா முடிந்து மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். நகரத்தை ஒட்டிய ஒரு நிலையத்தில் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. எந்த நிலையமாகவும் அது இருந்திருக்கலாம்.

என்னை நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் என் கையெழுத்து. நிலையத்தின் ரைட்டர், அதாவது புகார்களையும் பதிவேடுகளையும் எழுதும் தலைமைக் காவலர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தவர். நான் எழுதிய முதல் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, முத்து முத்தா இருக்கே! முத்து விக்கிற கடையில உக்கார வேண்டியவ, கோழி திருடுனவன் கேஸ எழுத வந்துட்டியே."

அன்று முதல் மனுக்களை எழுதுவதும், ரோந்துக்கான பட்டா புத்தகங்களைச் சரிபார்ப்பதும் என் வேலைகளாயின. இன்று உங்களுக்குக் கைப்பேசியும் கேமராவும் இருக்கின்றன. அன்று ஒரு காவலர் ஒரு தெருவுக்கு ரோந்து போனார் என்பதற்கு ஒரே சான்று பட்டா புத்தகம்தான். தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் ஆணியடித்து மாட்டியிருப்போம். காவலர் அங்கே போய் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். எந்த வீட்டில் மாட்டுவது என்பதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது, வழக்கம் உண்டு. வங்கி, மருத்துவர் வீடு, பெரிய கடை, முதலாளி வீடு. நோட்டு நனையக்கூடாது, கிழியக்கூடாது, மேலதிகாரி திடீரென்று வந்து பார்த்தால் கௌரவமான இடமாக இருக்க வேண்டும். அந்த வழக்கத்தில் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எவருக்கும் தோன்றியதாக நினைவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் முற்பகல், ஏழெட்டுப் பெண்கள் வந்து நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. நான் வெளியே போனேன். முன்னால் நின்றவரின் பெயர் சண்முகத்தாய். முப்பது வயதிருக்கும். அவருடைய கணவர் கூலிக்குத் தறி நெய்பவர். ஓடைப்பக்கம் இருந்த நெசவாளர் தெருவில் கடைசி வீடு அவர்களுடையது.

"ஆம்பிளையாள்கிட்டச் சொல்லுத சங்கதி இல்லம்மா இது. பொம்பள போலீஸ் வந்திருக்காவன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம்" என்றார்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் கழிப்பறை இருந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் விடியுமுன் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடைக்கு அப்பால் உடைமுள் மண்டியிருந்த உடங்காட்டுக்குப் போவார்கள். வெளிச்சம் வந்ததும் ஆண்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் முன்னால் செம்போடு நடக்க முடியாது. ஆகவே அந்த அரைமணி நேரத்தை விட்டால் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இரண்டு மாதங்களாக அந்த அரைமணி நேரத்தில் ஒருவன் முள்ளுக்குள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தான்.

"இருமினாலும் போவ மாட்டேங்கான், ஏசுனாலும் போவ மாட்டேங்கான்" என்றார் ஒருவர்.

"நான் கல்லெடுத்து எறிஞ்சேன். அவன் அந்தக் கல்லப் பொறுக்கித் திருப்பி எறியுதான்."

"கிரிக்கெட்டு ஆடுதான் மூதி!" என்றார் பின்னால் நின்றவர். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சண்முகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"போன வாரம் ஒரு பிள்ள சேலையப் புடிச்சு இழுத்துட்டான். அதுல இருந்து ஏழு பேரு சேந்துதான் போறோம். ஏழு பேருக்கும் ஒரே நேரத்துல வருமாம்மா? என் தங்கச்சி கனிக்குப் பதினாறு வயசு. பயத்துல ராத்திரி சோறே திங்க மாட்டேங்கா. தின்னாத்தான போவணும்கா."

"யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை.

"யாருன்னு கேக்காதீய. அந்த நேரத்துக்கு ஒரு போலீஸ அங்கன நிறுத்துங்க. அது போதும்" என்றார் சண்முகத்தாய்.

நான் உள்ளே போய் மனுவை எழுதினேன். அவர்கள் சொன்ன சொற்கள் எதையும் என் கை எழுத மறுத்தது. செம்பு, முள்ளு, சேலையைப் பிடித்து இழுத்தது, இவையெல்லாம் உதவி ஆய்வாளரின் மேசையில் படிக்கப்படும், நாலு காவலர்கள் கண்ணடித்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். அந்தப் பெண்களின் மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு என் கூச்சத்தைக் காத்தேன். 'அதிகாலையில் ஒதுக்குப்புறம் செல்லும் பெண்களுக்கு அடையாளம் தெரியாத நபரால் இடையூறு ஏற்படுவதால் ரோந்து ஏற்பாடு செய்து தருமாறு' என்று ஒரே வாக்கியத்தில் முடித்தேன். அழகான வாக்கியம். படித்துக் காட்டினேன்.

"நாங்க சொன்னதெல்லாம் இதுல இருக்கா?" என்று கேட்டார் சண்முகத்தாய்.

"இருக்கு" என்றேன்.

"அப்போ சரி" என்று பெருவிரலை மையில் அழுத்தினார்.

உதவி ஆய்வாளர் நல்லவர். அன்றைக்கே அந்தத் தெருவுக்கு விடியற்கால ரோந்து ஒன்றை ஒதுக்கினார். "புதுப் பட்டா புத்தகம் ஒண்ணு போட்டுரு. எந்த வீட்டுல மாட்டலாம்னு நீயே போய்ப் பாத்துட்டு வா" என்றார். முதல்முறையாகத் தனியே ஒரு முடிவெடுக்கும் பொறுப்பு கிடைத்தது. சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கடைசி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். வாசலுக்குக் கதவில்லை, சாக்குப் படுதா தொங்கியது. உள்ளே அந்தக் கனி என்ற பெண் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் எழுந்து சுவரோரம் நின்றாள்.

"எங்க வீட்டுலயே மாட்டுங்கம்மா" என்றார் சண்முகத்தாய். "இங்கன நின்னு பாத்தா காடு முழுக்கத் தெரியும் பாருங்க. ஏட்டையா கையெழுத்துப் போட்டுட்டு நின்னு ஒரு பீடி குடிச்சிட்டுப் போனாலே போதும். பீடி நெருப்பப் பாத்தே அவன் ஓடிருவான்."

"கதவு இல்லயே. மழை பெஞ்சா நோட்டு நனஞ்சிரும்."

"டிரங்குப் பெட்டியில வச்சுக்கிடுதேன். என் கல்யாணச் சேலையே பதினாலு வருசமா அதுல நனையாம இருக்கு."

"அரசாங்கப் புத்தகத்தப் பெட்டியில பூட்டி வைக்கக்கூடாது" என்றேன். அப்படி ஒரு விதி இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கழிப்பறை இருந்த அந்த ஒரே வீடு, தெருவின் நடுவில் இருந்த மாடி வீடு. அதில் இருந்தவர் இருபது தறிகளுக்குச் சொந்தக்காரர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் நெய்கிறவர்கள். சண்முகத்தாயின் கணவரும் அவர்களில் ஒருவர். முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"நம்ம தெருவுக்கு போலீஸ் வாரது நல்லதுதானம்மா. இங்கனயே மாட்டுங்க. அஞ்சு மணிக்கெல்லாம் நம்ம வீட்டுல காப்பி போட்டிருவாவ, வாரவரு குடிச்சிட்டுப் போகட்டும்."

அவருடைய அண்ணன் மகன் ஒருவன் அங்கே தங்கித் தறிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தமான வெள்ளைச் சட்டை. ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து, எந்த உயரத்தில் வேண்டும் என்று என்னைக் கேட்டு, அவனே அடித்தான். நேராக அடித்தான். நன்றி சொன்னேன்.

தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சண்முகத்தாய், "அங்கன வேண்டாம்மா" என்றார்.

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் சுத்தியலோடு நின்றவனைப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. "இல்ல… தூரமா இருக்கேன்னு சொன்னேன்" என்றார்.

"தூரமாம்லா!" என்று அவன் சிரித்தான். "தெரு என்ன திருவேங்கடம் வரைக்குமா போவுது?"

முதலாளி சிரித்தார். சங்கடமான நேரத்தில் ஒரு நகைச்சுவை கிடைத்த நிம்மதியில் நானும் புன்னகைத்தேன். இங்கேதான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். ஒரு பெண் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, யாரையோ பார்த்துவிட்டு வேறொன்றைச் சொல்லி முடிக்கிறார். ஒரு வரிக்கு நாலு உரை சொல்லப் பழகியிருந்த எனக்கு, கண்முன்னால் நடந்த அது ஒன்றும் உறைக்கவில்லை. மாடி வீட்டின்மேல் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். புறப்படும்போது தெருப் பெண்களிடம் ஒன்று சொன்னேன்: "இனிமே ஏழு பேரு சேந்துதான் போகணும்னு இல்ல. போலீஸ் வருது. தைரியமாப் போங்க."

ரோந்துக்குப் போன காவலர் சோம்பேறியல்லர். எங்கள் வழக்கப்படி அவரை எண்ணைச் சொல்லித்தான் அழைப்போம்: இருநூற்றுப் பன்னிரண்டு. மழையிலும் போனார். மாதக் கடைசியில் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பேன். 'காலை 5.00. விசேஷம் ஒன்றுமில்லை.' ஒரு நாள் விடுபடவில்லை. உதவி ஆய்வாளரிடம் அதைக் காட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பெண்களும் மீண்டும் வரவில்லை. வராததை நான் நன்றி என்று எண்ணிக்கொண்டேன்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலை எட்டு மணிக்கு முதலாளி காரில் வந்து இறங்கினார். அண்ணன் மகனை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது, இடது கண் போய்விட்டது, அடித்தது சண்முகத்தாய் என்றார். அவரை அழைத்துவரப் பெண் காவலர் என்ற முறையில் என்னை அனுப்பினார்கள். கடைசி வீட்டு வாசலில் புறப்படத் தயாராகத் தலை சீவி உட்கார்ந்திருந்தார். உள்ளே கனி போர்வையால் தலையோடு மூடிப் படுத்திருந்தாள்.

நடந்தது என்ன என்று நிலையத்தின் பின்னறையில் என்னிடம் மட்டும் சொன்னார். அந்த வெள்ளைச் சட்டைக்காரன்தான் தொடக்கம் முதலே முள்ளுக்குள் நின்றவன். தினமும் காலை ஐந்து மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மாடி வீட்டு முன்வாசலுக்கு வருவார். அவனே புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக் கொடுப்பான். காவலர் காப்பி குடிக்க உட்காருவார். அவன் உள்ளே போய்ப் பின்வாசல் வழியாக ஓடைக்கு இறங்குவான். காவலர் எங்கே இருக்கிறார், எவ்வளவு நேரம் இருப்பார் என்று ஊரில் மற்றெவரையும்விட அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த வசதியை அவனுக்குச் செய்துகொடுத்தவள் நான். அன்று கனி தனியாகப் போயிருந்தாள். போலீஸ் வருகிறது, தைரியமாகப் போ என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? தங்கை திரும்பி வரத் தாமதமானதும் சண்முகத்தாய் தேடிப் போயிருக்கிறார். கையில் இருந்தது செம்பு. அதைக்கொண்டே அடித்திருக்கிறார்.

"எழுதுங்க. நான்தான் அடிச்சேன். மூணு அடி" என்றார்.

"ஏன் அடிச்சீயன்னு எழுதணும்லா?"

"ஏன்னு எழுதாதீய."

"கனிய அவன்…"

"அவ பேரு ஒங்க தாளுல வந்துச்சுன்னா நாக்கப் புடுங்கிக்கிட்டு இங்கனயே செத்துருவேன். ஊரு பூரா வாயில போட்டு மெல்லும். அப்புறம் அவள எவன் கட்டுவான்? எழுத மாட்டேன்னு சொல்லுங்க. ஒங்க வேதப் புத்தகத்து மேல சொல்லுங்க."

சொன்னேன். அந்த வாக்கை நான் மீறவில்லை, மீறியிருக்கவும் கூடாது. ஆனால் கனியின் பெயர் இல்லாமலே எழுதக்கூடியது ஒன்று இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் அந்தத் தெருப் பெண்கள் வேப்பமரத்தடியில் வந்து என்னிடம் சொன்னது. அதை ஒரு வாக்குமூலமாக நானே எழுதிக் கொடுத்தால் சண்முகத்தாய் அடித்ததற்கு ஒரு காரணம் கிடைக்கும். ரைட்டரிடம் இதைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதலாம். எழுதினா அடுத்த கேள்வி என்ன வரும்? புகார் வந்துச்சே, நீங்க என்ன செஞ்சீயன்னு கேப்பான். பட்டா போட்டோம்னு சொல்லுவோம். எங்க போட்டியன்னு கேப்பான். எந்த வீடு, யாரு தேர்ந்தெடுத்தா, யாரு ஆணியடிச்சான்னு ஒவ்வொண்ணா வரும். சொல்லுவியா?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"சொன்னா இருநூத்திப் பன்னெண்டுக்கு வேலை போவும். அவனுக்கு மூணு பொட்டப்புள்ள. ஒனக்கும் போவும். ஒங்கப்பாவுக்கு மருந்து வாங்கணும்லா? யோசிச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் கெட்டவர் அல்லர். நான் பட்டினி கிடந்த நாள்களில் வீட்டிலிருந்து எனக்குச் சோறு கொண்டுவந்தவர். என்னிடம் அக்கறை கொண்டுதான் அதைச் சொன்னார். உங்களைத் தவறு செய்யச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

முதல் தகவல் அறிக்கையை நானே எழுதினேன். கணவனைத் தறி வேலையிலிருந்து நிறுத்திய முன்விரோதத்தால் தாக்கியதாக முதலாளி சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அவர் நிறுத்தியது அன்று காலையில், அடி விழுந்த பிறகுதான் என்பது எனக்குத் தெரியும். கைப்பற்றிய பொருள் என்ற இடத்தில் 'பித்தளைச் செம்பு ஒன்று, அடிப்பாகம் நெளிந்தது' என்று குறித்தேன். விடியற்காலையில் ஒரு பெண் செம்போடு முள்காட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உதவி ஆய்வாளரும் கேட்கவில்லை, அரசு வழக்கறிஞரும் கேட்கவில்லை. தெரியாமல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் என்னைப் போலவே கூச்சப்பட்டார்கள்.

வழக்கு பங்குனியில் நீதிமன்றத்துக்கு வந்தது. உடங்காட்டில் ஆண்கள் தொந்தரவு செய்வதுண்டு என்று சண்முகத்தாயின் தரப்பில் சொல்லப்பட்டதும், அரசுத் தரப்பு பட்டா புத்தகத்தைச் சான்றாக வைத்தது. மூன்று மாதம், நாள் தவறாமல், 'விசேஷம் ஒன்றுமில்லை'. அதைப் பராமரித்தவள் என்ற முறையில் நான் கூண்டில் ஏறினேன். நான் எழுதியிருந்த மனுவையும் காட்டினார்கள். இடையூறு, அடையாளம் தெரியாத நபர். என் அழகான வாக்கியத்தை நீதிபதி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். அதில் எந்த ஆணும் இல்லை, எந்தச் சேலையும் இல்லை.

சண்முகத்தாய்க்கு இலவசமாக வாதாட வந்தவர் இளம் வழக்கறிஞர். ஆனால் அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"அந்தத் தெருப் பெண்கள் உங்களை நேரில் சந்தித்து, ஒருவன் தங்களிடம் தகாத முறையில் நடப்பதாகச் சொன்னார்களா?"

கூண்டிலிருந்து பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டும் ரைட்டரும் கடைசி பெஞ்சில் தெரிந்தார்கள். கண்ணில் கட்டோடு அவன் முதல் பெஞ்சில் இருந்தான். சண்முகத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் பேசப்போகிறேன் என்ற சாதாரண எதிர்பார்ப்புதான் இருந்தது. கனி பெயரை எழுதமாட்டேன் என்று சொல்லி எழுதாமல் இருந்தவள் ஆயிற்றே, நம்பத் தகுந்தவள்.

"அப்படியொரு புகார் நிலையப் பதிவேட்டில் இல்லை" என்றேன்.

அது பொய்யல்ல. ஒவ்வொரு சொல்லும் உண்மை. வழக்கறிஞர் தம் தாளைப் பார்த்தார். 'நான் பதிவேட்டைக் கேட்கவில்லை' என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அவர் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார். ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று.

அதன்பின் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்கூட எங்கள் நிலையத்துக்கு வரவில்லை. அவன் ஒரு கண்ணோடு அதே வீட்டில் இருந்தான். ஆண்டு முடிவில் பகுதிவாரியாகப் புகார்களைத் தொகுத்தபோது அந்தத் தெருவுக்கு நேரே எழுத ஒன்றும் இருக்கவில்லை. மேலதிகாரி பார்வையிட வந்தவர் அந்த வெற்றிடத்தைச் சுட்டி, மக்களோடு இணைந்து ரோந்தைச் சிறப்பாக அமைத்ததற்காக எனக்கு ஒரு நற்சான்று எழுதினார். சல்யூட் அடித்து வாங்கிக்கொண்டேன். என் பணிப் பதிவேட்டில் அது கடைசிவரை இருந்தது. பதவி உயர்வுக்கும் உதவியது. உங்கள் எல்லையில் ஒரு தெருவிலிருந்து புகாரே வரவில்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். சீருடையில்லாமல் போய், கடைசி வீட்டுப் பெண்ணிடம் பேசிப் பாருங்கள். அவர் பேச மறுத்தால், உங்களுக்கு முன்னால் அங்கே என்னைப் போல ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று பொருள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று சண்முகத்தாயைப் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. பெண் கைதிக்குப் பெண் காவலர்தான் துணை போக வேண்டும். அரசுப் பேருந்தில் மூன்றரை மணி நேரம். உடன் வந்த ஆண் காவலர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிப் போனார். சண்முகத்தாய் சன்னலோரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கனிய இளையரசனேந்தல்ல எங்க சித்தி வீட்டுக்கு அனுப்பியாச்சு" என்றார் பிறகு.

"அங்க பரவாயில்லயா?"

"அங்கனயும் காட்டுக்குத்தான் போவணும். ஆனா உடங்காடு இல்ல, பருத்திக்காடு. பருத்தி இடுப்பு ஒசரம் வளருத வரைக்கும் எவனும் ஒளிஞ்சுக்கிட முடியாது. அதுக்குள்ள நான் வந்திருவேனான்னு கணக்குப் பாத்தேன். வர மாட்டேன்."

நான் தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன். வேண்டாம் என்றார். குடித்தால் இறங்க வேண்டியிருக்கும்.

"கோர்ட்டுல வக்கீலு கேட்டது எனக்குப் புரிஞ்சுதும்மா. நீங்க சொன்னதுதான் புரியல" என்றார் சற்றுக் கழித்து. குரலில் கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு, "என்ன படிச்சிருக்கீய?" என்றார்.

"தமிழ்."

"அதான்" என்று மீண்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிறை வாசலில் பெண் வார்டர் பெயரையும் அங்க அடையாளங்களையும் பதிந்துகொண்டு, வளையலைக் கழற்றி வாங்கினார். சண்முகத்தாய் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவரிடம் கேட்டார்:

"யக்கா, இங்கன காலையில வெளிய போறதுக்கு எங்க போவணும்?"

"வெளிய எங்க போவ? ஜெயிலுலா இது!" என்றார் வார்டர். "உள்ளயே கக்கூஸ் இருக்கு. செவரு வச்சு, கதவு வச்சுக் கட்டியிருக்கு. வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்."

"கதவு இருக்கா?"

"இருக்கு. தாப்பா கூட இருக்கு."

சண்முகத்தாய் என் பக்கம் திரும்பினார். வேப்பமரத்தடியில் மற்றவர்கள் சிரித்தபோது சிரிக்காதவர், இப்போது முகம் முழுக்கச் சிரித்தார்.

"அப்போ கேஸுல என்கூடக் கனி பேரையும் சேத்து எழுதியிருக்கலாம்லாம்மா" என்றார். "அவளும் நிம்மதியா ரெண்டு வேளை சோறு தின்னுருப்பா."

வார்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உடன் சிரித்தார். ஒப்படைத்ததற்கான சீட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கி, நேரம் சரியாகக் குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நான் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.